காந்தள் பார்க்கப் போன சனிக்கிழமை

போன வாரம் நம் கிளாஸ் லீடர் குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டதும் நீங்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதினீர்கள். யார் குண்டாகிவிட்டோம், யாருக்கு நரை வந்துவிட்டது, யார் இன்னும் அதே எத்துப்பல்லோடு சிரிக்கிறோம் என்று. எட்டாம் வகுப்புப் பெண்கள் பதினாலு பேர், பண்ருட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு முள்வேலிக்கு முன்னால். வேலி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் காந்தள். மேல்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பது நான்தான். "நீ மட்டும் ஏன்டி பைய கொழந்த மாதிரி கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை.

குரூப்பில் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. நாமெல்லாம் முப்பது தாண்டிவிட்டோம். எனக்கு பி.பி. மாத்திரை தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. இனிமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. அந்தப் பைக்குள் ஒரு கிழங்கு இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சயின்ஸ் சாரை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாயிரத்து ஏழு ஜூனில்தான் நம் பள்ளிக்கு வந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும். சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நம்மை எங்காவது கூட்டிப்போய் காட்டுப் பூ காட்டுவார். தோட்டத்தில் வளர்க்கிற ரோஜா, செம்பருத்தியெல்லாம் அவருக்குப் பூவே இல்லை. யாரும் தண்ணீர் ஊற்றாமல், யாரும் விதைக்காமல் அதுவாக வந்து பூத்ததைத்தான் பார்க்கவேண்டும். பறிக்கக்கூடாது என்பது ஒரே சட்டம்.

"பூ எங்க இருக்கோ அங்க நாம போவணும். அத புடுங்கிக்கிட்டு வூட்டுக்கு வந்தா நீங்க பாத்தது பூ இல்ல, குப்ப," என்பார்.

முதலில் கேப்பர் மலைக்குப் போனோம். செம்மண் பள்ளங்களில் வழுக்கி வழுக்கி ஏறினோம். ஆவாரம்பூ பார்த்தோம். காசா மரத்தில் நீலப்பூ இருக்கும் என்று கூட்டிப்போனார், பூ முடிந்து காய் பிடித்திருந்தது. "லேட்டா வந்துட்டோம்" என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்து கடற்கரையில் அடும்பு பார்க்கப் போனபோது நம்மில் பாதிப் பேர் வரவில்லை. சுனாமி வந்து மூன்று வருஷம்கூட ஆகாத நேரம். கடல் பக்கம் பிள்ளைகளை அனுப்ப அம்மாக்களுக்கு மனசில்லை. வந்த ஏழு பேரும் மணலில் மண்டியிட்டு ஊதாப்பூவுக்குள் லென்ஸை வைத்துப் பார்த்தோம். கடலை யாரும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

பார்த்த பூவை நோட்டில் வரையவேண்டும். என்ன மண், பக்கத்தில் என்ன செடி, எந்தப் பூச்சி வந்தது என்று எழுதவேண்டும். என் நோட்டுக்குச் சித்திதான் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தாள். அது இப்போது இல்லை. தானே புயலில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்த அன்று நனைந்து கூழாகிவிட்டது.

கடலூர் முதுநகரில் எங்கள் வீடு நீளமானது. முன் அறையில் நாங்கள், பின் அறையில் சித்தப்பாவும் சித்தியும், நடுவில் சமையலறை. அப்பா உரக்கடையில் வேலை பார்த்தார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சித்தி சிதம்பரத்துப் பெண். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை. அந்த ஒரு விஷயத்தைத் தவிர சித்தியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எதுவும் பேசினதாக எனக்கு நினைவில்லை. பாண்டிச்சேரி டாக்டர், கும்பகோணத்து மருந்து, வெள்ளிக்கிழமை விரதம் என்று எல்லாம் அதைச் சுற்றியே.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி என்னா பூ?" என்பதுதான்.

நான் நோட்டைக் காட்டுவேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்ப்பாள். "இந்தக் கலர்தானா? இல்ல உன் பென்சில்ல இதுதான் இருந்துச்சா?" என்று கேட்பாள். வாசனை உண்டா, தொட்டால் எப்படி இருந்தது, வண்டு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். வீட்டில் வேறு யாரும் என்னிடம் இரண்டு கேள்விக்கு மேல் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காகவே காட்டில் நன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் சார் காந்தள் பார்க்கப் போகலாம் என்றார். அண்ணாகிராமம் தாண்டி முந்திரித் தோப்பு வேலிகளில் நிறையப் பூத்திருக்கிறது, தீபாவளி முடிந்த சனிக்கிழமை போகலாம் என்று. தூரம் என்பதால் யாராவது ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரிய பொம்பளை துணைக்கு வரவேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். நான் வீட்டில் சொன்னேன். சித்தி அடுப்படியில் இருந்தபடியே, "நான் போவட்டுமாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன கேளு" என்றார். சித்தப்பா, "சஷ்டி வெரதம் வருதுல்ல? வெரதத்த வச்சிக்கிட்டு முள்ளுக்காட்ல என்னா வேல?" என்றார்.

"சனிக்கெழமதான் ஆரம்பிக்குது. பட்டினியோடவே போய்ட்டு வந்துடுவேன்."

"டாக்டர் அலையக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

சித்தி குழம்பை ஊற்றினாள். அப்புறம் என்னிடம் மட்டும், "நல்லா பாத்துட்டு வா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நம் கூட வந்தது டெய்லர் கடைக்காரரின் மனைவி. பண்ருட்டியில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். பஸ்ஸில் முந்திரிக்கொட்டை மூட்டைக்கு மேல் நம்மை உட்காரவைத்தார்கள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. தோப்புக்குள் மண் செக்கச்செவேல் என்று ஊறிக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். முந்திரி இலை அழுகின வாசனை, ஈரக் களிமண் வாசனை. யாரோ ஒருத்தி தொடர்ந்து பாடிக்கொண்டே வந்தாள், உங்களில் யார் என்று எனக்கு மறந்துவிட்டது.

வேலி திரும்புகிற இடத்தில் சார் நின்றார். நாமாகப் பார்த்தோம்.

காந்தளை அதற்கு முன் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். படத்தில் அது ஒரு பூ. அங்கே அது ஒரு வேலி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. காலையில் மலர்ந்தது அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இரண்டு நாள் ஆனது முழுச் சிவப்பு. மொட்டு பச்சை. ஒரே கொடியில் எல்லா நிறமும். இதழ்கள் எல்லாம் பின்பக்கமாக வளைந்து மேலே எழும்பி நின்றன. சார் ஒரு இலையைக் காட்டினார். இலையின் நுனியே நீண்டு சுருண்டு முள்கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கை தனியா இல்ல இதுக்கு. எலையே கை," என்றார்.

நீங்களெல்லாம் வரைய உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் என் பென்சில் டப்பாவில் அந்த நிறம் இல்லை. சிவப்பும் மஞ்சளும் மாறிமாறித் தேய்த்தேன், அழுக்காகத்தான் வந்தது. இதைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் காட்டி, இல்ல சித்தி, இப்படி இல்ல, என்று எவ்வளவு சொன்னாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. அவள் வந்திருக்கலாம். வந்திருந்தால் நான் ஒன்றுமே சொல்லவேண்டியதில்லை.

ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலியின் அந்தப் பக்கம் போனேன். அங்கே வரப்பு மழையில் சரிந்திருந்தது. ஒரு கொடியின் அடி வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தேன். ஈர மண்ணிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. பழுப்புத் தோல், நீளமாக, நடுவில் மடங்கி. மண்ணைத் துடைத்தால் நம் வீட்டுச் சர்க்கரைவள்ளி மாதிரியே இருந்தது. கொடியை ஒடித்துப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிணற்றடியில் புதைத்து வைத்தால் வளரும், பூக்கும், சித்தி தினமும் பார்க்கலாம் என்பது கணக்கு. பூக்கும்வரை சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

அந்தக் கிழங்கு விஷம் என்று சார் சொல்லவில்லை. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது அவர் சொன்னது நினைவிருந்தால் எழுதுங்கள். கிழங்கைப் பையில் போட்டதற்கு அப்புறம்தான் அந்தப் படம் எடுத்தது.

வீட்டுக்கு வரும்போது மறுபடி மழை. கிழங்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் புத்தக அலமாரியைத் தம்பி குடைவான். சமையலறை மூலையில் கிழங்குக் கூடை இருந்தது. விரதத்துக்கென்று அப்பா இரண்டு கிலோ சர்க்கரைவள்ளி வாங்கிப் போட்டிருந்தார். அதற்கு அடியில் தள்ளி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் எடுத்துப் புதைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. நான் மறந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மறந்துவிட்டேன்.

சஷ்டி ஆறு நாளும் சித்தி மதியம் ஒரு வேளை வேகவைத்த கிழங்கு மட்டும் சாப்பிடுவாள். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி கிணற்றடியில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. "எத்தினி நாள் தள்ளிப்போயிருக்கு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். சித்தி தலையை ஆட்டினாள். பேச முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "உப்புப் போட்டு கஞ்சித்தண்ணி கொண்டாடி" என்றாள். நான் சமையலறைக்குப் போனேன். கூடை கண்ணில் பட்டது. நாலைந்து கிழங்குதான் மீதி. கையை விட்டுப் பார்த்தேன்.

அது இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டேன். கலக்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இருட்டுவதற்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. சித்தப்பா ஷிப்டிலிருந்து வந்ததும் ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, வள்ளிக்கிழங்கு என்றாளாம். மறுநாள் அம்மா சட்டியில் மீதி இருந்ததைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துப்போனாள். அங்கிருந்த வயசான நர்ஸ் ஒருவர் தோலைப் பார்த்தவுடனே, "இதுல ஒண்ணு கலப்பக் கெழங்கும்மா" என்று சொல்லிவிட்டார். கலப்பைக் கிழங்கு என்பது காந்தளின் கிழங்கு. நம் ஜில்லாவில் அந்தப் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் சாப்பிட்டாள் என்பதுதான். எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். சித்தி அவரிடமும் அதையேதான் சொன்னாள். "கூடயில இருந்துச்சி. வேக வச்சேன். ஒண்ணு கசந்துச்சி. வெரதத்துல சாப்பாட்ட கீழ போடக்கூடாதேன்னு முழுங்கிட்டேன்."

இதை யாரும் நம்பவில்லை. மூன்று வருஷமாகக் குழந்தை இல்லாதவள், சஷ்டி விரதத்தில், தனியாக, அந்தக் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறாள். எல்லோருக்கும் கதை முழுசாகத் தெரிந்துவிட்டது. சித்தி சொன்னது மட்டும்தான் அதில் பொருந்தவில்லை.

புதன்கிழமை அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சித்தி எங்கியாச்சும் போய் எதுனா வாங்கியாந்துச்சா? யாருனா குடுத்தாங்களா? நீ பாத்தியா?"

"இல்ல."

"எதுனா சொல்லி அழுதுச்சா?"

"இல்ல."

அம்மா கேட்ட இரண்டுக்குமே நான் சொன்னது உண்மை. மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சொல்லியிருக்கமாட்டேன். அடிப்பார்கள் என்ற பயம்கூட இல்லை. எனக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொண்டுவிட்டது. சோறு சாப்பிட்டேன். பள்ளிக்கூடம் வந்தேன். கணக்கில் எண்பத்தாறு. நீங்கள் யாரும் என்னிடம் எந்த வித்தியாசத்தையும் பார்க்கவில்லை, ஏனென்றால் வித்தியாசம் எதுவும் இல்லை.

சித்தி பிழைத்துக்கொண்டாள். பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கையில் ஊசி குத்தின இடமெல்லாம் பச்சையாக. வந்து இரண்டாம் நாள் அவளுடைய முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பு வைத்தால் கற்றையாக வந்தது. தலையணை உறையில் படிந்திருந்தது, சோற்றுத் தட்டில் விழுந்தது. அம்மா காலையில் வாசல் பெருக்குவதற்கு முன்னால் பின் அறையைப் பெருக்கினாள். ஒரு வாரத்தில் தலையில் அங்கங்கே தோல் தெரிந்தது. அது அந்தக் கிழங்கின் வேலை, மறுபடி வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்கு வேறு அர்த்தம் சொன்னார்கள். முருகனுக்கு விரதம் இருந்து அதில் சாகத் துணிந்தால் இப்படித்தான் ஆகும் என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

அந்த நாட்களில் சித்தி என்னிடம் பூவைப் பற்றி எதையும் கேட்கவில்லை. நானும் பின் அறைக்குப் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"நான் என்னா கொற வச்சேன் மச்சான்? நீங்களே கேளுங்க அவள," என்றார் சித்தப்பா. "கம்பெனில ஒருத்தன் முகத்துலயும் முழிக்க முடியல. பொண்டாட்டிய மருந்து குடிக்க வச்சவன்னு பேசறானுங்க."

"கொற வச்சீங்கன்னு நான் சொல்லல மாப்ள. ஆனா எங்க வூட்டுல சிரிச்சிக்கிட்டு இருந்த பொண்ணு. இங்க வந்து இந்த மாதிரி ஒரு முடிவுக்குப் போச்சின்னா, நீங்கதான யோசிக்கணும்?"

"யாரு யாருக்கு என்னா சொன்னோம்? ஒரு வார்த்த சொன்னதில்ல," என்றார் அப்பா.

"சொல்லாம இருந்ததுதான் ஜாஸ்தி போல," என்றார் அந்த அண்ணன்.

சித்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "நான் எந்த முடிவுக்கும் போவலண்ணா. கூடயில இருந்துச்சி," என்றாள்.

"சரிம்மா, சரிம்மா. நீ ஒண்ணும் பேசாத," என்று அவர் தடவிக்கொடுக்கிற குரலில் சொன்னார்.

இதை இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவளைக் குற்றம் சொன்னவர்களும் நம்பவில்லை, அவளுக்காகப் பேச வந்தவரும் நம்பவில்லை. நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆளான நான் சமையலறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சாயங்காலம் கிளம்பினார்கள். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று பேச்சு. ஒரு சூட்கேஸ், ஒரு ஒயர் கூடை. ஆட்டோவில் ஏறும்போது சித்தி என் கன்னத்தைத் தொட்டு, "வரேன்" என்றாள். அவள் திரும்பி வரவில்லை. மாசக்கணக்காகப் போவதும் வருவதுமாகப் பேச்சு நடந்து, கடைசியில் விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டாயிரத்துப் பத்தில் சித்தப்பாவுக்கு நெய்வேலிப் பக்கம் வேறு பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இரண்டு பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். என்னை அக்கா, அக்கா என்று சுற்றுவார்கள்.

சாருக்கு இது எதுவும் தெரியாது. என் வீட்டில் நடந்ததையும் காந்தள் பார்க்கப் போனதையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. தை மாதம் நாம் பிச்சாவரம் போனோமே, சுரபுன்னைக் காட்டுக்குள் படகில், அங்கேதான் நான் கேட்டேன். நீங்களெல்லாம் தண்ணீரில் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சார், காந்தள் கெழங்கு வெஷமா சார்?"

அவர் வேர்க்கடலையை வாயில் போடப் போனவர் நிறுத்திவிட்டார். "யாரு சொன்னா?"

"சும்மா. கேள்விப்பட்டேன்."

"ஆமா. வெஷந்தான்." கடலையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். "அத நான் வேணுமின்னுதான் சொல்லல. இந்தப் பக்கம் வந்தப்பவே சொன்னாங்க, அந்தக் கெழங்க தின்னு எத்தினியோ பேர் போயிருக்காங்கன்னு. பசங்க தலயில அத நான் ஏத்தக்கூடாதுன்னு நெனச்சேன். அழகா இருந்துச்சின்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு. நீ யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத, என்னா?"

"சரி சார்."

நல்ல மனுஷர். அவர் நினைத்ததில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகு வேருக்கு நடுவில் நுழைந்தது. சுரபுன்னைப் பூ வெள்ளையாக, சின்னதாக, ஓரமெல்லாம் இழை பிரிந்து இருந்தது. அங்கிருந்து சித்தியின் வீடு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. அன்றைக்கு அதையும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பூவை வரைந்தேன். அடுத்த வருஷம் சாருக்கு மாற்றலாகிவிட்டது. அதற்கப்புறம் நாம் யாரும் எங்கேயும் பூ பார்க்கப் போகவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் எனக்குச் சிதம்பரத்தில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்தேன். நாலு மாசம் சித்தி வீடு இருக்கிற மேல வீதிப் பக்கமே போகாமல் இருந்தேன். அப்புறம் ஒருநாள் அசைன்மென்ட் ஜெராக்ஸ் எடுக்க ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடைக்குப் போனபோது, மெஷினுக்குப் பின்னால் நின்று தாளை அடுக்கிக்கொண்டிருந்தது சித்தி. தோள்வரை முடி. கண்ணாடி போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"எவ்ளோ ஒசந்துட்ட," என்றாள். "அம்மா நல்லா இருக்காங்களா? தம்பி என்னா படிக்கிறான்?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் என் தாள்களை இரண்டு இரண்டு காப்பி எடுத்து ஸ்டேப்ளர் அடித்தாள். காசு வேண்டாம் என்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் கிளம்பியிருக்கலாம்.

"சித்தி, அந்தக் கெழங்க நான்தான் கொண்டாந்து கூடயில வச்சேன்."

அவள் கையில் ஸ்டேப்ளர் இருந்தது. மெஷின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. நான் முழுக்கச் சொன்னேன். வரப்பு சரிந்திருந்ததை, கிணற்றடியில் புதைக்க நினைத்ததை, மழையை, கணக்குப் பரீட்சையை. சொல்லும்போது என் குரல் யாரோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"எதுக்குக் கொண்டாந்த?"

"நீங்க பாக்கணும்னு. உங்கள வுடலல்ல, அதான்."

சித்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தெருவையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"மொதல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், நான் வேணும்னு சாப்புடலன்னு," என்றாள். "அப்புறம் சொல்றத வுட்டுட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. கசந்துச்சே, ஏன் துப்பல? அப்பவே துப்பியிருக்கலாம்ல? மனசுக்குள்ள எங்கனா நெனச்சிருந்தேனோன்னு. அஞ்சு வருஷமா அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கி என் மனசுல என்னா இருந்துச்சின்னு."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"ஒண்ணும் இல்ல, இல்ல? கெழங்குதான் மாறிப்போயிருக்கு."

"ஆமா சித்தி."

அவள் எழுந்து மெஷினை அணைத்தாள். "இத அங்க யாருகிட்டயும் சொல்லாத. அவரு புள்ள குட்டியோட இருக்காரு. இனிமே தெரிஞ்சி என்னா ஆவப்போவுது? ஆனா எங்கம்மாகிட்ட வந்து சொல்லு. இப்பவே வா."

"இப்பவா?"

"அஞ்சு வருஷமா என்ன அடுப்படியில தனியா வுட்டதில்ல எங்கம்மா. நான் உள்ள போனா பின்னாலயே வந்து உக்காந்துக்கும். கத்தி எடுத்தா பாக்கும், டப்பா தெறந்தா பாக்கும். வாயத் தெறந்து ஒண்ணும் கேக்காது. வா."

ஷட்டரைப் பாதி இறக்கிப் பூட்டினாள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சித்தியின் அம்மா சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை யார் என்று சித்தி சொன்னாள். அந்த வீட்டுப் பெண் என்றதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார்.

நான் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார். நான் முடித்தபோது தட்டில் கீரை முடிந்திருந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் வெறும் தட்டில் விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். சித்தி வாசலில் நின்றாள்.

"அப்ப உனக்கு எத்தினி வயசு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு."

அவர் தலையை ஆட்டினார். சுவரைப் பிடித்து எழுந்தார். முட்டி வலி போலிருக்கிறது, நிமிர நேரம் ஆனது. மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் போகும்போது மட்டும், "வந்த புள்ளைக்கி ஒரு காபி போடு. நான் வெளிய உக்காந்திருக்கேன்," என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வா," என்றார்.

முன்னறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு திரை. உள்ளே சித்தி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. காபி வர ரொம்ப நேரம் ஆனது.